சத்தமே இல்லாத மினி ஃப்ரிட்ஜ் வாங்கலாமா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மதுரையில இருந்து வந்திருக்கு. "ஹால்ல வைக்க 20 லிட்டர் மினி ஃப்ரிட்ஜ் ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். சத்தமே வராதுன்னு போட்டிருக்கு. ஜூஸ், மோர், பால் பாக்கெட் எல்லாம் அதுல வைக்கலாமா?"ன்னு கேட்டிருக்காங்க.

சத்தம் வராதுன்னு போட்டிருந்தா, பெரும்பாலும் அதுல கம்ப்ரஸர், அதாவது சாதாரண ஃப்ரிட்ஜ்ல கேஸை அழுத்திக் குளிர வைக்கிற மோட்டார், இருக்காது. தீப்பெட்டி சைஸுக்கு பெல்டியர்னு ஒரு தகடு, கூட சின்ன ஃபேன், அவ்வளவுதான். கரண்ட் பாயும்போது தகட்டோட ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இது வெளிச்சூட்டுல இருந்து 15, மிஞ்சிப்போனா 20 டிகிரிதான் இறக்கும். மே மாசம் உங்க ஹால்ல 36 டிகிரி இருந்தா, உள்ள 16-லயே நின்னுடும். கூல்டிரிங்ஸ் ஜில்லுன்னு இருக்கணும்னா 4, 5 டிகிரி வேணும். 16 டிகிரியில பால் வச்சா கெட்டுப்போகும், தயவுசெஞ்சு வைக்காதீங்க. எப்பவும் ஏசி ஓடுற ரூம்னா தண்ணி பாட்டிலுக்கு இது போதும்.

கரண்ட் கம்மியா இழுக்கும்னு நினைச்சா அதுவும் இல்ல. 60 வாட் மாடல் வெயில்காலத்துல நிக்காம ஓடும். 24 மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட்! கம்ப்ரஸர் மாடல் குளிர்ந்ததும் தானா கட் ஆகிடும்.

அதனால 45, 50 லிட்டர்ல கம்ப்ரஸர் மாடலா பாருங்க. கடையில கதவைத் திறந்து உள்ள இருக்குற ஸ்டிக்கரைப் படிங்க. க்ளைமேட் கிளாஸ்னு ஒண்ணு இருக்கும். 'என்'னு இருந்தா வெளிச்சூடு 32 டிகிரி வரைக்கும், 'எஸ்டி'ன்னா 38, 'டி'ன்னா 43 டிகிரி வரைக்கும் தாங்கும். மதுரைக்கு 'டி'தான் சரி. கண்ணாடிக் கதவு வேணும்னா ரெட்டைக் கண்ணாடியா இருக்கட்டும். ஒத்தைக் கண்ணாடின்னா வெளிப்பக்கம் வேர்த்து, தண்ணி தரையில சொட்டும்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில படுக்க வச்சுக் கொண்டு வந்திருந்தா, நிமிர்த்தி வச்சு ஒரு நாள் விட்டுட்டு ஆன் பண்ணுங்க. கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள ஏறியிருக்கும், அது திரும்பி இறங்கணும். பின்பக்கம் 10 சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் இடம் விடுங்க. நிறைய மாடல்ல பக்கத் தகடு வழியாத்தான் சூடு வெளிய போகும், தொட்டா சுடும். அது ரிப்பேர் இல்ல. டிவி அலமாரிக்குள்ள சொருகி வச்சா அந்தச் சூடு போக வழியில்லாம கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கும்.

குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்ல 1, 2, 3-ன்னு இருக்குறது டிகிரி கணக்கு இல்ல. நம்பர் ஏற ஏறக் குளிர் கூடும். நடுவுல வச்சு, ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு உள்ள வைங்க. மறுநாள் பார்த்துட்டு கூட்டிக் குறைச்சுக்கலாம். விருந்தாளி வர்ற அன்னைக்குக் காலையில 24 கேனை மொத்தமா அடுக்கினா சாயங்காலத்துக்குள்ள ஜில்லுன்னு ஆகாது, முந்தின நாள் ராத்திரியே வச்சிடுங்க. சோடா கேனை மட்டும் மேல இருக்குற ஐஸ் பெட்டிக்குள்ள போடாதீங்க, உறைஞ்சு வெடிச்சிடும்.

குளிர் குறைஞ்சா முதல்ல கதவு ரப்பரைப் பாருங்க. ஒரு பேப்பரை இடுக்குல வச்சு மூடி இழுங்க. வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் ஒட்டல. சோப்புத் தண்ணியில துடைச்சுப் பார்த்துட்டு, அப்பவும் ஒட்டலன்னா மாத்திடுங்க.

ஐஸ் அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கட்டினா பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வச்சு, கீழ ஒரு துணியை விரிச்சு தானா கரைய விடுங்க. கத்தி, ஸ்பூன் வச்சு சுரண்டவே கூடாது. அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளயேதான் கேஸ் ஓடுது. இப்ப வர்ற சின்ன ஃப்ரிட்ஜ் பலதுலயும் இருக்குறது ஆர் 600ஏ, தீப்பிடிக்கக்கூடிய கேஸ். ஓட்டை விழுந்து கேஸ் வந்துச்சுன்னா சுவிட்ச் எதையும் தொடாம ஜன்னலைத் திறந்து விட்டுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.