பிளாஸ்மாவுக்கும் உருவம் உண்டு

வணக்கம். லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தரும் அணுக்கரு இணைவு என்றதும் பத்து கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கிற வெப்பத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கோ அந்த வெப்பத்தில் எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயுவான பிளாஸ்மாவின் உருவத்தின் மேல்தான் ஆசை.

இணைவுக்காகக் கட்டும் டோகமாக் கருவிக்குள், சுவரில் படாமல் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்மா, காற்றடைத்த சைக்கிள் டியூப் போல வளையமாக இருக்கும். டியூபைக் குறுக்கே வெட்டினால் வட்டம் தெரியும், இல்லையா? ஆரம்பகாலக் கருவிகளில் பிளாஸ்மாவும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் அந்த வட்டத்தை மேலும் கீழுமாக நீட்டினார்கள். நீட்டினால், காந்தத்தைக் கூட்டாமலே பிளாஸ்மாவுக்குள் அதிக மின்னோட்டம் செலுத்தலாம். மின்னோட்டம் கூடினால் வெப்பம் சீக்கிரம் கசிந்துவிடாது. ஆனால் நீண்ட பிளாஸ்மா ஓரிடத்தில் நிற்காது. கொஞ்சம் மேலே நகர்ந்தாலும் அதை நீட்டிப் பிடிக்கும் காந்தச் சுருள்களில் மேலே உள்ளது இன்னும் பலமாக இழுக்கும். கண் இமைப்பதற்குள் அதைத் திருத்தியாக வேண்டும்.

நீட்டியதோடு விடவில்லை; ஆங்கில 'டி' எழுத்தின் வடிவமும் கொடுத்தார்கள். நிமிர்ந்த கோடு வளையத்தின் நடுப்பக்கம், வளைவு வெளிப்பக்கம். 1983இல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கிய ஜெட் கருவி அப்படிப்பட்டதுதான். இந்த வடிவம் அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் விளிம்பில் அழுத்தம் ஏறி ஏறி, திடீர் திடீரென்று வெடித்துச் சுவரைத் தாக்கும். பெரிய உலைக்கு அந்த அடி ஆகாது.

சரி, அந்த 'டி'யைத் திருப்பி, நிமிர்ந்த கோட்டை வெளிப்பக்கம் போட்டால்? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டிசிவி என்றொரு கருவி இருக்கிறது. பிளாஸ்மாவை விதவிதமான உருவங்களில் வைத்துப் பார்ப்பதற்கென்றே கட்டியது. அங்கே திருப்பிப் போட்டார்கள். எலக்ட்ரான்களை அதே வெப்பநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ பாதி சூடாக்கும் திறனே போதுமாக இருந்தது! திரும்பவும் சொல்கிறேன்: அதே கருவி, உருவம் மட்டும்தான் வேறு. உள்ளே வெப்பத்தை வெளியே கடத்துகிற கொந்தளிப்பு தணிந்துவிட்டது. 2023இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் டிஐஐஐ-டி கருவிக்குள் இதற்காகவே தனிக் கவச ஓடுகள் பதித்து, பெரிய அளவில் சோதித்தார்கள். விளிம்பு வெடிப்புகள் இல்லை. உள்ளே வெப்பமும் நன்றாகத் தங்கியது. நெடுங்காலம் தவறான பக்கம் என்று ஒதுக்கிய உருவம் இது! வருங்கால உலையை வரைபவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரம் நெருங்கிவிட்டது. நடுத்துளை மிகச் சிறுத்து, பந்து போல் தெரியும் கோள டோகமாக்குகளைப் பற்றி ஒரே வரி: இங்கிலாந்தின் ஸ்டார்ட் கருவியில் 1990களில், பிளாஸ்மாவின் அழுத்தம் காந்தப்புல அழுத்தத்தில் சுமார் 40 சதவீதத்தை எட்டியது. வழக்கமான டோகமாக்கில் அது சில சதவீதம்தான்.