வளவில் விழுந்த மழை எங்கே போக வேண்டும்?

(செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதியிருக்கிறேன், திருத்தம் மிகக் குறைவு.)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றித் தகுதிக்கு மேலாகவே சொல்லிவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொண்டு மேடைக்கு வர மறுக்கும் எங்கள் தமிழாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, கல்லூரி மாணவ மாணவியரே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த நூலகத்துக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் இன்று வெளியூரில் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கட்டடத்தை விற்காமல், இடிக்காமல், வாடகைக்கும் விடாமல், பிள்ளைகள் படிக்கட்டும் என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்காக ஒரு கைதட்டல் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் புத்தகம் வாங்குங்கள் என்று சொன்ன பேரூராட்சித் தலைவர் அம்மாவுக்கும் ஒரு கைதட்டல்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘நம் ஊரின் கட்டடம், கலை, இயற்கை’. மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழமொழியைத்தான் கையில் எடுத்து வந்திருக்கிறேன். எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் சொல்வார்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இன்று அதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டடம். 2014-ல் நம் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளக்கிறார்கள். நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். எனக்கு அதில் பெரிய பெருமை இல்லை. பணம் இருந்தது, கப்பலில் ஏற்றி வந்தார்கள். என் பெருமையெல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து, மேல் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, படிமேல் படியாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த சுவர். சித்திரை வெயிலில் வெளியிலிருந்து வந்து அதில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். அதைப் பூசிய கொத்தனாரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. நம் ஊர் வணிகர்கள் அங்கே போட்டிருந்த முதலும் அதோடு போனது. வீடு கட்டிய கைகள் அப்போது ஓய்ந்தவைதான். அதற்குப் பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி, நாற்பது பங்காளி. ஓடு உடைந்தால் மாற்றுவது யார் பொறுப்பு என்பதிலேயே பத்து வருடம் ஓடிவிடுகிறது. கடைசியில் எல்லோரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இடித்து விற்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் போய்ப் பாருங்கள், ஒரு வம்சமே வாசல் நிலையாகவும் தூணாகவும் எனாமல் பாத்திரமாகவும் சுவரில் சாய்ந்து நிற்கும். விற்றவரின் பேரன் பின்னாளில் வந்து அதே நிலையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சரி, இப்போது ஒரு கல்யாணக் கதை சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம், நம் பக்கத்து ஊர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மாதம். மூன்று கட்டு வீடு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதி. பெண் வீட்டார் சென்னையிலிருந்து வந்து, வீட்டை வெள்ளையடித்து, முகப்பிலிருந்து பட்டாலை என்கிற கூடம் வரைக்கும் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மாலையில் மழை பிடித்தது. எப்படிப்பட்ட மழை என்றால், மூன்றாங்கட்டில் சமையல்காரர் கத்துவது இரண்டாங்கட்டில் கேட்கவில்லை. நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவில், அதாவது நடு முற்றத்தில், வந்து கொட்டுகிறது. மூலைக்கு ஒன்றாக வைத்திருந்த அண்டாக்கள் கொஞ்ச நேரத்தில் நிரம்பி வழிந்தன. சென்னைப் பிள்ளைகளுக்குப் பயம். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த பெரிய ஆச்சி, எண்பது வயதுக்கு மேலிருக்கும், பட்டாலையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வெற்றிலை மடித்தபடி சொன்னார்: “அது பாட்டுக்குப் பெய்யட்டும் அப்பச்சி. தண்ணிக்கு வழி தெரியும்.”

உண்மைதான். வளவின் ஒரு மூலையில் கல்லில் துளை போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தத் துளையிலிருந்து தரைக்கடியில் ஒரு சாளரம், ஜன்னல் இல்லை, மழைநீர் வடிகால், தெருவுக்குப் போகும். தெரு வாய்க்கால் ஊருணிக்குப் போகும். ஊருணி நிரம்பினால் அடுத்த குளத்துக்கு, அதுவும் நிரம்பினால் கண்மாய்க்கு. வீடு கட்டும்போதே மழைக்கும் ஒரு பாதை போட்டுத்தான் கட்டினார்கள்.

ஆச்சி சொல்லி அரை மணி நேரம். வளவுத் தண்ணீர் ஒரு படி ஏறியது. அப்புறம் இன்னொரு படி. ஜோடி ஜோடியாகச் செருப்பு மிதந்து வர ஆரம்பித்தது. தவில்காரர் தவிலைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். ஜமுக்காளத்தைச் சுருட்ட நாலு பேர் ஓடினார்கள், அது ஊறிப்போய் பத்துப் பேர் தூக்கினாலும் நகரவில்லை. ஆச்சி எழுந்து நின்றுவிட்டார். “என் கல்யாணத்துல இதைவிடப் பெரிய மழை. ஒரு சொட்டு நிக்கலியே!” என்று அவர் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஆண்கள் தெருவுக்கு ஓடினோம். சாளரத்தின் வாயைக் காணோம். தெருவில் சாலைமேல் சாலை, அதன்மேல் இன்னொரு சாலை என்று போட்டுப் போட்டு, தெருவே திண்ணை உயரத்துக்கு வந்திருக்கிறது. சாளரத்தின் வாய் அதற்கடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது. கடப்பாரை கொண்டுவா என்று ஒருவர் சத்தம் போட்டார். கொண்டுவந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓங்கிக் குத்தினார் பாருங்கள், யார் தெரியுமா? மாப்பிள்ளையின் தாய்மாமன். அவருக்குத் தொழிலே ரோடு காண்ட்ராக்ட்! (கைதட்டல்) குத்திக்கொண்டே, “ஆச்சி, இது நான் போட்ட ரோடு இல்ல” என்கிறார். ஆச்சி வாசலில் நின்று சொன்னார்: “யார் போட்டா என்னப்பா, தண்ணிக்கு ஆள் தெரியுமா? இன்னும் ஆழமா குத்து.”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. எழுந்து ஊருணிப் பக்கம் நடந்து போனேன். கூப்பிடு தூரம்தான். ராத்திரி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. காலையில் ஊருணியில் கணுக்கால் தண்ணீர். அவ்வளவு மழைக்கும் அவ்வளவுதான். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்து யாரோ வண்டி நிறுத்தக் கொட்டகை போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் ஊருணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வந்து அமரும் ஒன்றியக் கவுன்சிலர் ஐயா அவர்களுக்கு வணக்கம். வாருங்கள், முன்னால் இடம் இருக்கிறது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், இனிமேல் சொல்லப்போவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தெரு உயர்ந்தால் வீட்டுக்கு என்ன ஆகிறது? மழைநீர் அடிச்சுவரில் தேங்குகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விடும். அது அதன் குணம். நாம் என்ன செய்கிறோம்? அடியில் காரை உப்பி விழுந்ததும் சிமெண்ட் பூசி, மேலே பெயிண்ட் அடிக்கிறோம். ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலேறுகிறது. இடுப்பளவில் உதிர்ந்த காரை அடுத்த வருடம் தோளளவில் உதிர்கிறது. வீடு பழசாகிவிட்டது, இடித்துவிடலாம் என்று பங்காளிகள் கூடுகிறார்கள். வீட்டுக்கு வயதாகவில்லை ஐயா, தெருவை உயர்த்தியதால் வந்த கேடு இது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசே 2021-ல் அறிவுறுத்தியிருக்கிறது. நாம் நின்று கேட்டால்தான் அது நம் தெருவில் நடக்கும்.

கலைக்கு வருகிறேன். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருங்கட்டம், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும் கறுப்பும். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் நாலைந்து பேர் கட்டியிருப்பதைப் பார்க்கிறேன், சந்தோஷம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதை மாணவர்கள் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து மட்டம் தட்டி, காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். பிறகு கண்ணாடி கழன்று வரும்போது அதன் பளபளப்பு கல்லில் இருக்கும். உள்ளூர் மணல், உள்ளூர்த் தண்ணீர். கிணற்றில் தண்ணீர் வற்றினால் ஊறப்போட எங்கே போவது?

ஓலையில் முடையும் கொட்டான் கூடையும் அப்படித்தான். ஓலைக்குப் பனை வேண்டும். பனை நிற்பது கண்மாய்க்கரையில். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் கண்மாயே மேடாகிப்போனால் கரை எதற்கு, பனை எதற்கு? கூத்து, கும்மி, ஒப்பாரி பற்றியெல்லாம் பேசச் சொல்லித் தலைவர் ஐயா கேட்டிருந்தார். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். நான் தண்ணீருக்கே போகிறேன்.

நம் பக்கத்திலேயே வேட்டங்குடிப்பட்டியும் கொள்ளுக்குடிப்பட்டியும் இருக்கின்றன. 1977-ல் அந்தக் கண்மாய்களைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் வந்து கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குஞ்சு பொரித்திருக்கும் பறவை மிரண்டு போய்விடும் என்று தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் கட்டுப்பாடு. சட்டம் போட்டு வந்ததில்லை. வனத்துறை இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. நினைத்துப் பாருங்கள், எட்டு வயதுப் பையன் ஒரு கம்பி மத்தாப்போடு சும்மா இருக்கிறான், மரத்தில் நாரை அடைகாக்கிறது என்பதற்காக. அந்தப் பையன் செய்வதை நாம் பெரியவர்கள் செய்ய முடியாதா? நாரை அங்கே வருவது கண்மாயில் தண்ணீர் நிற்பதால்தான். தண்ணீர் நிற்காத கண்மாய்க்கு நாரை ஏன் வரப்போகிறது?

நம் ஊருணிக்கு வருவோம். நாலு பக்கமும் படித்துறை கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து அழகுபடுத்தலாம் என்று ஒரு யோசனை நடமாடுகிறது. நல்ல மனதோடு சொல்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. அடித்தளத்துக்கு மட்டும் சிமெண்ட் போட்டுவிடாதீர்கள் என்று இந்த மேடையிலிருந்து கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஊருணிக்கு அடியில் மண் இருந்தால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று இருக்கும். விளக்கு போடும் காசில் முதலில் வரத்துக்காலைத் தோண்டுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், வெட்டி மட்டும் விட்டால் மறு மழைக்குத் துளிர்த்துவிடும். நிலத்தடி நீர் உப்பாகிப் போன பிறகு லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு அழுவது என்ன? எங்கள் அப்பத்தாவின் வார்த்தைதான். நீங்களே சொல்லுங்கள். (கூட்டம்: “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!”)

பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: எந்தத் தெருவில் சாலை போட்டாலும் பழைய தளத்தை எடுத்த பிறகே போட வேண்டும், எந்த வீட்டுச் சாளரத்தின் வாயையும் மூடக்கூடாது. எந்த வீட்டில் சாளரம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை இந்த மாணவர்கள் தயாரித்துத் தருவார்கள். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். பூட்டிய வீடுகளின் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் காபி குடிக்கப் போகாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊருணியின் வடக்குக் கரையில் கூடுகிறோம். வரத்துக்காலில் கோயில் வாசலிலிருந்து ஆரம்பித்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் சுத்தம் செய்வோம். மண்வெட்டி, கூடை வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கண்ணாடித் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன, பிள்ளைகளைச் செருப்புப் போட்டு அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.