காவிரி மகசீரைக் காப்பாற்ற குஞ்சு விட்டால் போதாதா?

போன வீடியோவில் காவிரியின் திமில் மகசீர் மீன் அழியும் நிலையில் இருக்கிறது, அதற்கு ஒரு மீட்புத் திட்டம் வேண்டும் என்று சொன்னதற்கு ஒருவர் கேட்டிருக்கிறார்: "பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டால் வேலை முடிந்தது, இதற்கு எதற்கு ஒரு மீட்புத் திட்டம்?"

நியாயமான கேள்விதான், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காவிரியில் சிக்கலே அங்கேதான் வந்தது. மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் பொரித்த மகசீர் குஞ்சுகளை 1970களிலிருந்து இந்தியாவின் பல ஆறுகளில் விட்டார்கள், காவிரியிலும் விட்டார்கள். நல்ல எண்ணம்தான், குற்றம் சொல்லவில்லை. என்ன, விட்டது வேறு மகசீர். அது கிருஷ்ணா படுகையின் நீலத்துடுப்பு மகசீர். நம்முடையதற்குத் துடுப்பு ஆரஞ்சு, முதுகில் திமில், வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

விட்ட மீன் பெருகி நம்முடையது குறைந்தது எப்படித் தெரிந்தது என்றால், தூண்டில்காரர்களின் குறிப்பேடுகளிலிருந்து. காவிரிக்கரை முகாமில் மீனைப் பிடித்து, எடை போட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள், எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான கணக்கைப் பார்த்தால் மகசீர் கூடியிருக்கிறது! பிரித்துப் பார்த்தால்தான் விஷயம்: கூடியது நீலத்துடுப்பு, திமில் மகசீர் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது.

இன்னொரு கூத்து, இவ்வளவு பேர்பெற்ற திமில் மகசீருக்கு நெடுநாள் உறுதியான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. பெயர் இல்லாததை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்து ஏற்கெனவே டோர் ரெமாதேவி என்று பெயரிட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றுதான் என்று 2018இல்தான் தெளிவானது, அதே ஆண்டு 'மிக அருகிய இனம்' என்று பட்டியலில் ஏறியது.

அதனால் திட்டம் என்றால் முதலில் மீன் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடுவது. இப்போதைக்கு நீலகிரிப் பக்கம் ஓடும் மோயாறுதான் பெரிய நம்பிக்கை. அப்புறம் அது எங்கே முட்டையிடுகிறது, மழைக்காலத்தில் மேலே ஏறிப்போக வழி இருக்கிறதா, மணல் அள்ளுவதும் வெடி போட்டுப் பிடிப்பதும் எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும், இதையெல்லாம் சரிசெய்யாமல் விடும் குஞ்சு எத்தனை நாள் பிழைக்கும், சொல்லுங்கள். பொரிப்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தாய் மீன் அசல்தானா என்று மரபணுவைப் பார்த்தே எடுக்க வேண்டும், அதுவும் இருப்பதே கொஞ்சம் எனும்போது மோயாற்றிலிருந்து நிறைய எடுத்தால் அங்கேயும் காலியாகிவிடும்.

சரி, ஏற்கெனவே காவிரியில் பெருகிவிட்ட நீலத்துடுப்பை என்ன செய்வது? அத்தனை பெரிய ஆற்றில் வலை போட்டுப் பிரித்தெடுக்க முடியாது. புதிதாக விடுவதையாவது நிறுத்தலாம், மோயாற்றில் நீலத்துடுப்புக் குஞ்சு ஒன்றுகூட விடக் கூடாது.