பிரிந்து வந்தவர்கள் திருச்சபைக்கு வெளியே இல்லை

அன்பானவர்களே, கணவனைப் பிரிந்து வாழும் பெண்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார்கள். நற்கருணை நேரத்தில் மட்டும் எழுந்து வரமாட்டார்கள். ‘விவாகரத்து ஆனவர்கள் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது’ என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி ஒரு சட்டமே கிடையாது.

திருச்சபை ஏற்காதது மறுமணத்தைத்தான். முறையாக நடந்த திருமணம் சாகும்வரை நிலைக்கும் என்பது நம் விசுவாசம். பிரிந்து வந்து, மறுமணம் செய்யாமல் வாழ்பவருக்கு நற்கருணை போன்ற அருட்சாதனங்களைப் பெறத் தடையில்லை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-லேயே எழுதிவிட்டார். பிள்ளைகளைக் காப்பாற்றவும் உரிமைகளைப் பெறவும் நீதிமன்ற விவாகரத்து ஒன்றுதான் வழி என்றால், அதை வாங்குவது பாவமாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது.

‘அடித்தாலும் பொறுத்துக்கொள், அது உன் சிலுவை’ என்று புத்தி சொல்கிறவர்களும் நம்மில் உண்டு. தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். கணவனாலோ மனைவியாலோ மற்றவருடைய உடலுக்கோ மனதுக்கோ, பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து வாழலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 1153-ஆம் பிரிவு. வழக்கமாக ஆயரின் அனுமதியோடு பிரிய வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால், அனுமதிக்குக் காத்திராமல் உடனே வெளியேறலாம்.

அடுத்து, மறைமாவட்ட நீதிமன்றம், அதாவது ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபை நீதிமன்றம். அங்கே யாருக்கும் விவாகரத்து கொடுப்பதில்லை. திருமண நாளன்று சம்மதம் உண்மையானதாக இருந்ததா என்றுதான் விசாரிக்கிறார்கள். மிரட்டித் தாலி கட்ட வைத்தார்களா, பெரிய விஷயம் எதையாவது மறைத்து ஏமாற்றினார்களா, மணவாழ்வின் கடமைகளை ஏற்கும் மனநிலை இருந்ததா என்று பார்ப்பார்கள். சம்மதம் செல்லாது என்று உறுதியானால் திருமணமும் செல்லாது. அப்போது கோயிலில் மறுமணத்துக்கு வழியுண்டு. ‘பிள்ளைகளின் கதி என்ன?’ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். நல்லெண்ணத்தோடு நடந்த திருமணத்தில் பிறந்தவர்கள் முறையான பிள்ளைகளே, அதில் ஒரு குறையும் வராது. முன்பெல்லாம் இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு தீர்ப்பே போதும் என்று மாற்றினார், கூடுமானவரை கட்டணம் வாங்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்துவிடாதீர்கள். திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டின் சட்டப்படி திருமணத்தை முறிக்காது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப நீதிமன்றத்துக்கும் போயாக வேண்டும். இல்லையென்றால் இருதார மணக் குற்றமாகிவிடும். நாட்டின் விவாகரத்துச் சட்டமும் கிறிஸ்தவப் பெண்களை நெடுங்காலம் வதைத்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவி தவறான உறவு வைத்திருந்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்குப் போதும். மனைவியோ பெரும்பாலும் அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-ல்தான் அது மாறியது; இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது.

சரி, பிள்ளை இந்துப் பெண்ணையோ முஸ்லிம் பையனையோ விரும்பினால்? ஆயரிடம் விதிவிலக்கு வாங்கினால் கோயிலிலேயே திருமணம் நடக்கும். அவர்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். கோபத்தில் பிள்ளையை விலக்கிவைக்கும் பெற்றோர் முதலில் பங்குத் தந்தையிடம் இதைக் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் ஏற்கெனவே மணம் முடித்தவர்களும் கோயிலில் அதை முறைப்படுத்திக்கொள்ளலாம்.

பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கணவனைப் பிரிந்தாள் என்பதற்காகவே பாடகர் குழுவிலிருந்தோ மறைக்கல்வி வகுப்பிலிருந்தோ யாரையாவது நிறுத்தியிருந்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்த் திரும்ப வரச்சொல்லுங்கள். நிறுத்தியவர்களே போக வேண்டும்.