ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கி வேண்டாம்

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எனக்கு முன்னால் பேசி நிறைய கைதட்டல் வாங்கிவிட்ட எதிரணித் தம்பி அவர்களே, அக்கா அவர்களே, நேற்று விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டுவிட்டு இன்றைக்கும் வீட்டில் படுக்காமல் பந்தலுக்கு வந்திருக்கிற பாளையங்கோட்டை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சண்டை நடக்கிற நாட்டில் மருத்துவமனையைக் காப்பது துப்பாக்கி ஏந்திய காவலா, ஆயுதமில்லாத வாசல் காவலரா? நான் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறவர் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

தம்பி எடுத்த எடுப்பிலேயே சுடலைமாடனை இழுத்துவிட்டார். "நம்ம மாடன் கையில வல்லயம் இருக்கு, அரிவாள் இருக்கு, வெறுங்கையோட நிக்கிற காவல் தெய்வம் எந்த ஊர்லயாவது உண்டா?" என்றார். கொடைப் பந்தலில் நின்று மாடனைச் சொன்னால் யார்தான் கைதட்ட மாட்டார்கள்? நானும் தட்டினேன். ஆனால் தம்பி, மாடனுக்குக் கட்சி கிடையாது. கீழத்தெருக்காரர் கூப்பிட்டாலும் மேலத்தெருக்காரர் கூப்பிட்டாலும் அவர் அதே மாடன்தான் (கோயில் வரியை வைத்து நாம் போடுகிற சண்டை நம்முடையது, அவருடையது இல்லை). அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. துப்பாக்கி பிடித்த மனுஷனுக்கு அப்படியா? அவருக்கு ஒருவர் சம்பளம் கொடுக்கிறார், ஒருவர் தோட்டா கொடுக்கிறார், ஒருவர் உத்தரவு போடுகிறார். உள்நாட்டுப் போர் நடக்கிற இடத்தில் அந்த 'ஒருவர்' சண்டைபோடுகிற ஏதோ ஒரு தரப்பாகத்தான் இருப்பார். அவருடைய ஆள் வாசலில் நின்றால் மருத்துவமனையும் அவருடையதாகிவிடும், அப்புறம் அடுத்த தரப்புக்காரன் அடிபட்டு வந்தால் உள்ளே வருவானா, இல்லை குண்டு எறிவானா?

இதுதான் என் வாதம் மொத்தமும். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

முதலில் இந்த வாசல் காவலர் யார் என்று பார்ப்போம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு என்று ஒன்று, 1971-இல் பிரான்சில் மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கியது. சண்டை நடக்கிற நாடுகளில் அவர்கள் நடத்தும் மருத்துவமனை வாசலில் ஒரு படம் இருக்கும்: துப்பாக்கி, அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். அவர் கையில் ஆயுதம் கிடையாது. வருகிறவரைத் தடவிப் பார்ப்பார், ஆயுதம் இருந்தால் வெளியே வைத்துவிட்டு வா என்பார், ஆம்புலன்ஸ் வந்தால் கேட்டைத் திறப்பார், ஒரே நேரத்தில் நிறைய பேர் அடிபட்டு வந்தால் கூட்டத்தை ஒதுக்கி ஸ்ட்ரெச்சரும் பிடிப்பார்.

இது என்ன பெரிய வேலையா என்று கேட்பீர்கள். நம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், எந்த ஆஸ்பத்திரியாகவும் இருக்கட்டும், பார்வை நேரம் முடிந்த பிறகு உள்ளே போகப் பார்க்கிற நம் ஆட்கள் வாட்ச்மேனிடம் என்ன கேட்பார்கள்? "ஏல, நான் யாருன்னு தெரியுமா?" சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை ஒருவன் தோளில் ஏகே-47 மாட்டிக்கொண்டு, ரத்தம் கொட்டுகிற தம்பியைக் கையில் தூக்கிக்கொண்டு, கூட நாலு பேரோடு வந்து கேட்கிறான் என்று வையுங்கள். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிற நோயாளியை விட்டுவிட்டு முதலில் தன் தம்பியைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் சுடுவேன் என்கிறான். போர் நாட்டு மருத்துவமனைக்கு அன்றாட ஆபத்து இதுதான், செய்தியில் வராத ஆபத்து. அங்கே காவலர் கையிலும் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும்? இரண்டு துப்பாக்கி எதிரெதிரே நிற்கும், நடுவில் தம்பி செத்துப்போவான். கையில் ஒன்றும் இல்லாத ஆள், அதுவும் அவனுடைய மாமன் மச்சான் பெயரெல்லாம் தெரிந்த ஆள், "அண்ணே, தம்பியை நான் உள்ளே கொண்டுபோறேன், சாமானை மட்டும் வெளியே வச்சிரு" என்று சொன்னால் அவன் கேட்க வாய்ப்பு இருக்கிறது. கேட்காமலும் போகலாம், மறுக்கவில்லை.

இப்போது குந்தூஸுக்கு வருகிறேன். அக்காவே அதைச் சொன்னார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். வடக்கு ஆப்கானிஸ்தானில் இருக்கிற ஊர். அந்த அமைப்பு 2011-இல் அங்கே காயத்துக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தது. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி ஊர் தாலிபான் கைக்குப் போனது, அரசுப் படை பின்வாங்கியது. மருத்துவமனை மூடவில்லை. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் காயத்தோடு வந்தார்கள், அரசுப் பக்கத்துச் சிப்பாயும் தாலிபான்காரரும் ஒரே கூரைக்குக் கீழே படுத்துக் கிடந்தார்கள். அக்டோபர் 3, விடியற்காலை 2 மணிக்கு மேல், அமெரிக்காவின் ஏசி-130 விமானம் அந்தக் கட்டடத்தைச் சுட்டது; மருத்துவமனைத் தரப்புக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 42 பேர் செத்தார்கள்: நோயாளிகள் 24, ஊழியர்கள் 14, துணைக்கு வந்தவர்கள் 4. மருத்துவமனை எங்கே இருக்கிறது என்ற இருப்பிடக் குறிப்பை முன்கூட்டியே அமெரிக்கப் படைக்கும் கொடுத்திருந்தார்கள். செத்தவர்களில் ஆயுதமில்லாத காவலர் ஒருவரும் உண்டு.

"பார்த்தீர்களா, வெறுங்கைக் காவலரால் என்ன செய்ய முடிந்தது?" என்று அக்கா கேட்டார். அக்கா, உங்கள் துப்பாக்கிக் காவலர் இருந்திருந்தால் விமானத்தைச் சுட்டு இறக்கியிருப்பாரா? சரி, அதை விடுங்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் சொல்லவில்லை. ஆப்கான் அதிகாரிகள் சிலர், உள்ளேயிருந்து தாலிபான் சுட்டார்கள், அதனால்தான் தாக்கினோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மருத்துவமனைத் தரப்பு தலை நிமிர்ந்து சொன்ன பதில்: வளாகத்துக்குள் ஆயுதம் தாங்கியவர் ஒருவரும் இல்லை, ஆயுதத்தை உள்ளே விடாத விதி அன்று இரவும் கடைப்பிடிக்கப்பட்டது, வாசல் எங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. இந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது யாருடைய உழைப்பு? ஊரே தாலிபான் கையில் இருந்த நாட்களில், துப்பாக்கியோடு வந்த ஒவ்வொருவரையும் அதை வெளியே வைக்கச் சொன்ன அந்த வாசல்காரர்களின் உழைப்பு. 2016 ஏப்ரலில் அமெரிக்க ராணுவமே தன் விசாரணை அறிக்கையில், விமானத்தில் இருந்தவர்கள் வேறொரு கட்டடம் என்று நினைத்து மருத்துவமனையைச் சுட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு, 16 பேர் மேல் துறை நடவடிக்கை எடுத்தது. அது போதாது என்பது என் கருத்து, ஆனால் அது வேறு பட்டிமன்றம். அந்த மொட்டைமாடியில் மட்டும் துப்பாக்கியோடு நாலு காவலர் நின்றிருந்தால்? ராத்திரியில், மேலே பறக்கிறவன் கருவியில், காவலர் எது, போராளி எது? பழி மருத்துவமனை மேல் அல்லவா விழுந்திருக்கும்!

அக்கா சட்டமும் பேசினார், அதற்கும் பதில் சொல்லவேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களும் 1977-இல் சேர்த்த கூடுதல் நெறிமுறையும், மருத்துவ ஊழியர் தன்னையும் நோயாளியையும் காக்கச் சிறு ஆயுதம் வைத்திருக்கலாம், வாசலில் காவல் போடலாம், அதனால் மட்டும் மருத்துவமனையின் பாதுகாப்பு போய்விடாது என்கின்றன. உண்மைதான். அது 'வைக்கலாம்' என்று சொல்கிறது, 'வை' என்று சொல்லவில்லை. அதே ஒப்பந்தம், மருத்துவமனையை வைத்து எதிரிக்குத் தீங்கு செய்தால், எச்சரித்த பிறகும் நிறுத்தாவிட்டால், அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகும் என்றும் சொல்கிறது. காவலர் சுட்டது தற்காப்பா, சண்டையா என்று அந்த நேரத்தில் யார் நிதானமாகப் பிரித்துப் பார்ப்பார்?

சோமாலியாவைத் தம்பி துருப்புச்சீட்டாக வைத்திருந்தார். அந்த அமைப்பே சோமாலியாவில் துப்பாக்கிக் காவல் வைத்ததே என்றார். வைத்தது. வேறு எந்த நாட்டிலும் செய்யாததை அங்கே செய்தோம் என்று அவர்களே சொன்னார்கள். முடிவு என்ன? 22 வருஷம் இருந்துவிட்டு, அதற்குள் தங்கள் ஆட்கள் 16 பேரைப் பறிகொடுத்துவிட்டு, 2013 ஆகஸ்டில் மூட்டையைக் கட்டினார்கள். அங்கே துப்பாக்கிதான் அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காபூலுக்கு வாருங்கள். அங்கே ஒரு பெரிய ராணுவ மருத்துவமனை. 2017 மார்ச்சில் டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உள்ளே நுழைந்து வார்டு வார்டாகச் சுட்டார்கள். அப்போது காவல் இருந்தது அரசுப் படை. 2021 நவம்பரில் மறுபடியும் அதே மருத்துவமனை, மறுபடியும் தாக்குதல். அதற்குள் ஆட்சி கைமாறிவிட்டது, இந்த முறை காவல் இருந்தது தாலிபான். இரண்டு முறையும் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. 2014 ஏப்ரலில் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் நடந்தது இதைவிடக் கொடுமை. காவலுக்கு நின்ற போலீஸ்காரரே, வாசலுக்கு வந்த மூன்று அமெரிக்கர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார், அதில் ஒருவர் அங்கே குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். காயத்தோடு கிடந்த அந்தப் போலீஸ்காரருக்கு முதலில் சிகிச்சை பார்த்ததும் அதே மருத்துவமனைதான்.

2020 மே மாதம் காபூல் தஷ்த்-இ-பார்ச்சி மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் 16 தாய்மார் கொல்லப்பட்டதை எதிரணி சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அதற்கு என் அணியிடமும் பதில் இல்லை. கொல்ல முடிவெடுத்து வருகிறவனை வெறுங்கைக் காவலர் தடுக்க மாட்டார். ஆனால் அன்று வந்தவர்கள் போட்டிருந்தது போலீஸ் உடுப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. நம் நாட்டு அமைதிப்படை உள்ளே புகுந்து சுட்டதில் மருத்துவர், தாதியர், நோயாளி என்று 60 பேருக்கும் மேல் செத்தார்கள். அதற்கு முன்னால் ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் சிலர் ஆஸ்பத்திரிக்குள் வந்ததும், மருத்துவர் ஒருவர் போய் அவர்களை வெளியேறச் சொல்லிக் கெஞ்சியதும் பதிவாகியிருக்கிறது. அதற்காகப் படுத்துக் கிடந்த நோயாளியைச் சுட்டதை யாரும் நியாயப்படுத்த முடியாது, நான் நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் துப்பாக்கியை வெளியே வைக்கச் சொல்லும் வேலை எவ்வளவு பெரிய வேலை என்று அந்த மருத்துவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி மணியை அடித்துவிட்டார், இதோ முடிக்கிறேன். வெறுங்கைக் காவலரைத் தியாகி ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு மணல் மூட்டையும் கனமான சுவரும் பதுங்க இடமும் வயர்லெஸ்ஸும் கொடுங்கள், மாதம் பிறந்தால் சம்பளம் கொடுங்கள், செத்தால் பெண்டாட்டி பிள்ளைக்குப் பணம் கொடுங்கள். துப்பாக்கி மட்டும் கொடுக்காதீர்கள்.

அடுத்து எதிரணியில் யார் பேச வந்தாலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். செப்டம்பர் 28 அன்று குந்தூஸ் மருத்துவமனை வாசலில் நீங்கள் கேட்கிறபடி துப்பாக்கியோடு அரசுப் போலீஸ் நின்றிருக்கிறது, ஊர் தாலிபான் கைக்குப் போய்விட்டது, தெருவில் அவர்கள் வண்டி வருகிறது. உங்கள் போலீஸ்காரர் இப்போது சுடுவாரா, ஓடுவாரா?

நன்றி, வணக்கம்.