இரவு 11 மணிக்கும் மாடி அறை ஏன் சுடுகிறது? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

மதுரையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மாடி வீடு கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வெளியே காற்று குளிர்ந்த பிறகும், இரவு 11 மணிக்குக்கூட மாடி அறையில் படுக்க முடியவில்லை. கூரையை 12 அடி உயரத்தில் போட்டிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். நடுவில் முற்றம் விட்டிருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?"

உயரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 10 அடியை 12 அடியாக்கினால் அறை சற்று விசாலமாகத் தோன்றும், அவ்வளவுதான். உங்களை வாட்டுவது மேலே தேங்கும் சூடான காற்று மட்டுமன்று, கூரைத் தளத்திலிருந்து நேராக இறங்கும் வெப்பக் கதிர்வீச்சு. 2 அடி இடைவெளி அதைத் தடுத்துவிடாது. இன்றிரவு 9 மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி, தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் விழுந்த வெயில் 5 அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து கீழே வரச் சில மணி நேரம் ஆவதால், வெளியே தணிகிற வேளையில்தான் உள்ளே புழுங்குகிறது. மின்விசிறியோ அந்தத் தளத்தை ஒட்டிய காற்றைத்தான் உங்கள் மேல் இறக்குகிறது.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே ஒதுங்கியிருக்கிறது. ஆகவே கோடையில் தெற்குச் சுவருக்குப் பெரிய பாதிப்பில்லை. அடி வாங்குவது கூரையும், மாலை வெயில் சாய்வாக வந்து விழும் மேற்குச் சுவரும்தான்.

மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரை முறையில் மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இன்று கான்கிரீட்டின் மேல் போடுகிற 'வெதரிங் கோர்ஸ்' அதன் மிச்சம்தான். மழைநீருக்காக என்று மட்டுமே பலர் அதை நினைக்கிறார்கள். கான்கிரீட்டைவிட மிகக் குறைவாக வெப்பத்தைக் கடத்தும் அந்தச் செங்கல் ஜல்லி அடுக்கு, வெயிலுக்கும் குடைதான். செலவைச் சுருக்க அதை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்திய வீடா உங்களுடையது என்று பாருங்கள். அப்படியானால் அந்த அடுக்கை இப்போதும் போடலாம். கூடுதல் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். அதுவரை வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடித்தால் வெயிலின் பெரும்பகுதி உள்ளே இறங்காமலே திரும்பிவிடும். தூசி படிந்தால் அந்தப் பலன் குறையும் என்பதால் அவ்வப்போது கழுவ வேண்டியிருக்கும்.

மேற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேட் போதாது. தாழ்ந்த வெயில் அதன் கீழாக நுழைந்துவிடும். மூங்கில் தட்டியை வெளிப்புறமாகத் தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது.

முற்றம் நல்லதுதான், ஆனால் செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் வானத்துக்குத் திறந்தது, சுற்றிலும் நிழலான தாழ்வாரம் உடையது. இப்போது 4 அடிக்கு 4 அடி விட்டு, மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூடி, அதையும் முற்றம் என்கிறார்கள். அது பகலில் அடுப்பு. உங்கள் வீட்டில் மாடிப்படி ஏறி முடிகிற ஹெட்ரூம் இருக்குமல்லவா, அதன் ஜன்னலையும் கீழ்த்தள ஜன்னல்களையும் இரவில் திறந்து வையுங்கள். சூடான காற்று படிக்கட்டு வழியே மேலேறி வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். காலை 9 மணிக்குள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம், இரவிலும் வெப்பம் அவ்வளவாகத் தணியாது. ஆகவே பகலிலும் காற்று ஊடுருவிப் போக வேண்டும். அங்கிருந்து கேட்பவர்கள் பகலில் மூடி வைக்கும் இந்த முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.