கஞ்சாப் புகையும் ஆண்களின் கருவளமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். குழந்தைப்பேறு தள்ளிப்போகும்போது பரிசோதனைகள் பெரும்பாலும் மனைவியிடமிருந்தே தொடங்குகின்றன. ஆனால் அத்தகைய தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் காரணமாக இருக்கிறது. அப்போது கணவனிடம் கேட்கப்படும் கேள்விகளுள் கஞ்சாப் பழக்கம் உண்டா என்பதும் ஒன்று. பலர் மழுப்பிவிடும் கேள்வியும் அதுதான்.

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.ஹெச்.சி. என்னும் வேதிப்பொருளை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் தனியே பிரித்தெடுத்தனர். அதையொத்த பொருள்களை நம் உடலே சுரக்கிறது என்பதும், அவை பொருந்திச் செயல்படும் ஏற்பிகள் மூளையில் மட்டுமின்றி விரைகளிலும் விந்தணுக்களிலும்கூட இருக்கின்றன என்பதும் பின்னாளில் தெரியவந்தன. சிக்கல் தொடங்கும் இடம் இதுவே. விந்தணுவானது கருமுட்டையை நெருங்கும்வரை ஆற்றலைக் காத்துவைத்திருந்து, நெருங்கியபின் வாலை வீச்சோடு அசைத்து, தலையில் பொதிந்துள்ள நொதிகளை வெளியிட்டு, முட்டையின் உறையைத் துளைக்க வேண்டும். உடலின் சொந்தச் சுரப்புகள் நெறிப்படுத்தும் இந்தக் கால ஒழுங்கை வெளியிலிருந்து வரும் டி.ஹெச்.சி. குலைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் டி.ஹெச்.சி. கலந்த கரைசலில் வைத்த விந்தணுக்களின் வேகம் குறைந்தது; நொதிகளை வெளியிடும் திறனும் குறைந்தது.

மக்களிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? டென்மார்க்கில் 18 முதல் 28 வயதுக்குட்பட்ட 1,215 இளைஞர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான முடிவு, வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கஞ்சா புகைத்தோரின் விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 28 விழுக்காடு குறைவு என்றது. ஆனால் 2019-இல் அமெரிக்காவில், கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வந்த 662 ஆண்களிடம் செய்த ஆய்வு இதற்கு நேர்மாறாக அமைந்தது. என்றேனும் கஞ்சா புகைத்திருந்தோருக்கு மில்லிலிட்டருக்கு 6.27 கோடி விந்தணுக்களும், தொட்டே பாராதோருக்கு 4.54 கோடியும் இருந்தன. இதைக் காட்டிக் கஞ்சா நல்லதென வாதிடுவோர், அந்த ஆண்களில் பெரும்பாலோர் பழக்கத்தை எப்போதோ விட்டவர்கள் என்பதைச் சொல்வதில்லை. இயல்பிலேயே டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் மிகுந்தவர்கள் துணிந்து போதையை நாடியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே விளக்கம் தந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எப்போதோ புகைத்ததைவிட இப்போது அடிக்கடி புகைப்பதே கவலைக்குரியது என்பது என் கருத்து. டெஸ்டோஸ்டிரோன் குறைகிறதா என்பதில் 1974 முதல் முடிவுகள் முன்னும் பின்னுமாகவே இருக்கின்றன. அதை வைத்து யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை.

புகைதான் தீங்கு, தின்றால் பாதிப்பில்லை என்று எண்ணுவோரும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகனில் ரீசஸ் குரங்குகளுக்கு டி.ஹெச்.சி. கலந்த தின்பண்டத்தை அளவு கூட்டிக் கொடுத்துவந்தபோது விரைகள் பாதிக்கும் மேல் சுருங்கின என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொடுப்பதை நிறுத்தியபின் அந்தப் பாதிப்பு ஓரளவே சீரானது.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்கள் பிடிக்கின்றன. அதன்பின் அது முதிர்ந்து வெளிவர மேலும் சில நாள்கள் தேவை. ஆகவே இன்று கொடுக்கும் விந்து மாதிரி கடந்த மூன்று மாதப் பழக்கத்தின் கணக்கையே காட்டும். போதாக்குறைக்கு, டி.ஹெச்.சி. கொழுப்பில் தங்குவதால், நாள்தோறும் புகைத்தவரின் உடலிலிருந்து அது முழுவதும் நீங்கவே வாரக்கணக்கில் ஆகலாம். நேற்று நிறுத்திவிட்டு நாளை பரிசோதனைக்குப் போவதால் பயன் ஏதும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்களையும் அவற்றில் 42 விழுக்காடு அசைவதையும் கீழெல்லையாகக் கொள்கிறது. முதல் முடிவு அதற்கும் கீழே இருந்தால், பழக்கத்தை முற்றிலும் விட்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளலாம். அப்போதும் உயராவிட்டால் விரைப்பையின் இரத்தக் குழாய் வீக்கம், ஹார்மோன் குறைபாடு போன்ற வேறு காரணங்களை மருத்துவர் தேடுவார். கஞ்சாவை மறைத்தவருக்கோ, அந்தத் தேடல் முதல் நாளிலிருந்தே தவறான திசையில் நடக்கிறது; அந்த மாதங்களில் மனைவியின் வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது.